குடிசையைப் பிரிக்கும் முன்: காவிரி டெல்டாவில் வீடு கட்டக் கடன் கேட்கப் போகிறவர்களுக்கு

தை அறுவடை முடிந்ததும் எங்கள் பக்கம் குடிசை பிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். சம்பா நெல் களத்தை விட்டுப் போயிருக்கும், கையில் கொஞ்சம் காசு புரளும், பெரிய மழைக்கு ஐப்பசி வரை நேரம் இருக்கும், கொத்தனாரும் கூப்பிட்டால் வருவார். கீற்றைப் பிரித்து, மண்சுவரை இடித்து, பக்கத்தில் தார்ப்பாயில் ஒரு கொட்டகை போட்டுக்கொண்டு வேலையில் இறங்குவார்கள். அதில் சில குடும்பங்கள் அடுத்த ஐப்பசியையும், அதற்கடுத்த ஐப்பசியையும் அதே தார்ப்பாய்க்குள் கழிப்பதை வருடம் தவறாமல் பார்க்கிறேன். அவர்கள் யாரும் விவரம் கெட்டவர்கள் இல்லை. வரிசை மாறிவிட்டது, அவ்வளவுதான். முதலில் குழுக் கடன் (பெண்கள் குழுவாகச் சேர்ந்து, அடமானமில்லாமல் வாரத் தவணைக்கு வாங்குவது) வாங்கி அஸ்திவாரம் தோண்டுகிறார்கள், பிறகு அரசு வீட்டுக்கு எழுதிக் கொடுக்கிறார்கள், அப்புறம்தான் மனைக் காகிதம் சரியில்லை என்று தெரிய வருகிறது. அதற்குள் வாரத் தவணை ஓட ஆரம்பித்திருக்கும்.

நான் சொல்லப் போகும் வரிசை இதற்கு நேர் எதிர். மனைக் காகிதம் முதலில், அரசுப் பணம் இரண்டாவது, கடன் கடைசியில். மூன்றும் கையில் தெரிந்த பிறகு குடிசையில் கை வையுங்கள்.

மனை யாருடையது?

டெல்டாவில் இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்ல முடியாது. இங்கே தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் குடியிருந்த இடம் பண்ணையாருடையதாகவோ, கோயிலுடையதாகவோ, மடத்துடையதாகவோ இருந்தது. வேலையை விட்டால் குடிசையையும் விட வேண்டும் என்ற நிலை. 1952-ல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள், 1971-ல் குடியிருப்புச் சட்டம் வந்து விவசாயக் கூலிகள் குடியிருந்த மனையை அவர்களுக்கே உரிமையாக்கியது. 1981-ல் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் ஜெகந்நாதனும் தொடங்கிய லாஃப்டி அமைப்பு மிராசுதாரையும் கூலித் தொழிலாளரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துப் பேசி, வங்கிக் கடனும் ஏற்பாடு செய்து, ஏழைப் பெண்கள் பெயரில் நிலம் வாங்கிக் கொடுத்தது. இதையெல்லாம் பழங்கதையாக நினைத்துவிடாதீர்கள். உங்கள் மனைக் காகிதம் எங்கே சிக்கியிருக்கிறது என்பது இந்த வரலாற்றில் உங்கள் தெரு எந்த இடத்தில் வருகிறது என்பதைப் பொறுத்தது.

1971 சட்டத்தில் கிடைத்த மனை என்றால் பட்டா பெரும்பாலும் தாத்தா பெயரிலேயே நிற்கும். தாத்தா போய், அப்பாவும் போய், நாலு பிள்ளைகள் நாலு அடுப்பு வைத்திருப்பார்கள். இதில் ஒருவர் மட்டும் அரசு வீடு கேட்டால் கிடைக்காது. தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்று வாங்கி, மற்றவர்களிடம் விடுதலைப் பத்திரமோ பாகப் பத்திரமோ எழுதிப் பதிவு செய்து, சர்வேயர் அளந்து உட்பிரிவு போட்டு, தனிப் பட்டா வாங்க வேண்டும். அண்ணன் தம்பிக்குள் பேச்சு நன்றாக இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். வீடு எழும்பிய பிறகு கையெழுத்து கேட்கப் போனால் அந்தக் கையெழுத்துக்கு ஒரு விலை வந்துவிடும்.

ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த மனை, வருவாய்த்துறை கொடுத்த இலவச மனை என்றால் வேறு மாதிரிச் சிக்கல். பட்டா பீரோவில் பத்திரமாக இருக்கும், தாலுகா கணக்கில் ஏறியிருக்காது. இ-சேவை மையத்தில் புல எண்ணைக் கொடுத்து எடுத்துப் பாருங்கள், உங்கள் பெயர் வருகிறதா என்று. வராவிட்டால் கையில் இருக்கும் பட்டாவை வைத்துக் கணக்கில் ஏற்றச் சொல்லி தாசில்தாருக்கு மனு கொடுங்கள். கோடையில் நடக்கும் ஜமாபந்தி, அதாவது வருவாய்த்துறை வருடம் ஒரு முறை கிராமக் கணக்கைச் சரிபார்க்கும் நாள், இதற்கு நல்ல வாய்ப்பு, ஏனென்றால் கிராமக் கணக்கு முழுவதும் அன்று ஒரே இடத்தில் விரித்து வைக்கப்பட்டிருக்கும், வி.ஏ.ஓ.வும் அங்கேயே இருப்பார். இலவசப் பட்டாவின் பின்பக்கத்தில் நிபந்தனைகள் அச்சாகியிருக்கும், அதையும் ஒரு தடவை படித்துவிடுங்கள். விற்பதற்கும் அடகு வைப்பதற்கும் கட்டுப்பாடு இருந்தால் அதில்தான் எழுதியிருக்கும்.

வாய்க்கால் கரை, ஆற்றுப் படுகை, குளத்தங்கரை என்றால் நேராகச் சொல்லிவிடுகிறேன், அந்த இடத்துக்குப் பட்டா வராது. நீர்நிலைப் புறம்போக்கில் வரன்முறை (இருப்பதைச் சட்டப்படி ஆக்கித் தருவது) கிடையாது, நீதிமன்றமும் விடாது. வெண்ணாற்றங்கரையில் நாற்பது வருடம் இருந்தோம், வரி கட்டினோம், மின் இணைப்பு இருக்கிறது என்றெல்லாம் சொன்னாலும் நடக்காது. அங்கே கடன் வாங்கிக் கட்டுகிற ஒவ்வொரு செங்கல்லும் நஷ்டம். அதற்குப் பதிலாக மாற்று மனை கேளுங்கள். மனை இல்லாத ஏழைக் குடும்பத்துக்கு கிராமத்தில் 3 சென்ட் வரை வீட்டுமனை ஒப்படை செய்ய வழி இருக்கிறது. தெருவாகச் சேர்ந்து, ஒரே மனுவாக, திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து ரசீது வாங்குங்கள். தனியாகப் போனால் ஒரு மனு, இருபது குடும்பம் போனால் அது ஒரு பிரச்சினை.

கோயில் மனைக்கு வருகிறேன். கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறது. அடிமனை கோயிலுக்கு அல்லது மடத்துக்கு, மேலே உள்ள கட்டடம் மட்டும் நமக்கு. 1959 அறநிலையத்துறைச் சட்டத்தின் 34-வது பிரிவுப்படி கோயில் சொத்தை ஆணையர் அனுமதி இல்லாமல் விற்கவோ, அடமானம் வைக்கவோ, ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விடவோ முடியாது. அதனால் அந்த மனையைக் காட்டி எந்த வங்கியிலும் வீட்டுக் கடன் வாங்க முடியாது, அரசு வீட்டுக்கும் சொந்தப் பட்டா கேட்பார்கள். யாராவது ஒரு புரோக்கர் வந்து, "அடிமனைக்குப் பட்டா வாங்கித் தருகிறேன், ஐம்பதாயிரம் கொடுங்கள்" என்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். நீங்கள் செய்யக்கூடியது இரண்டு. வாடகை ரசீதை உங்கள் பெயருக்கு மாற்றி, பாக்கி இல்லாமல் வைத்துக்கொள்வது ஒன்று. வேறிடத்தில் சொந்த மனைக்கு மனு போடுவது இன்னொன்று. கூரையை மாற்றுகிற அளவு பழுது வேலை மட்டும் அனுமதி கேட்டுச் செய்துகொள்ளலாம். அதற்கு மேல் அந்த இடத்தில் காசு போடாதீர்கள்.

காகிதம் சரியாக இருக்கிறது என்று தெரிந்தால் வில்லங்கச் சான்று 30 வருடத்துக்கு எடுத்து வையுங்கள். புதிதாக மனை வாங்குகிறவர்கள், அது நஞ்சையில் போட்ட அனுமதியில்லாத லேஅவுட்டா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு பிரிக்கப்பட்ட அங்கீகாரமில்லாத மனைக்கு வரன்முறைத் திட்டத்தில் இடம் கிடையாது. பெண்கள் பெயரில் 10 லட்சத்துக்குள் வாங்கினால் 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1% குறைவு, அதனால் வீட்டுப் பெண் பெயரில் வாங்குங்கள். அரசு வீட்டிலும் பெண் பெயருக்குத்தான் முன்னுரிமை.

அரசுப் பணம் எவ்வளவு, எப்போது

கிராமத்தில் இரண்டு திட்டங்கள் பேச்சில் அடிபடும். பிரதமர் வீடு என்று சொல்கிற திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு 1.20 லட்சம் அடிப்படைத் தொகை, அதை மத்திய அரசும் மாநில அரசும் 60:40 என்று பங்கு போடுகின்றன, கான்கிரீட் கூரைக்காக மாநில அரசு தனியாகச் சேர்த்துக் கொடுக்கிறது. இன்னொன்று 2024-25 பட்ஜெட்டில் அறிவித்த கலைஞர் கனவு இல்லம். ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம், குறைந்தது 360 சதுர அடி, அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை, மீதி 60 தீப்பிடிக்காத வேறு கூரை. குடிசையில் குடியிருக்க வேண்டும், மனைக்குச் சொந்தப் பட்டா வேண்டும், வேறெங்கும் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது. இந்த வருடம் எந்தத் திட்டத்துக்கு எத்தனை வீடு ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதை ஒன்றிய அலுவலகத்தில் நேரில் கேளுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் மூன்று வருடத்துக்கு முன்பு வாங்கிய கணக்கை வைத்து முடிவு எடுக்காதீர்கள்.

பட்டியல் கிராம சபையில் வைக்கப்படும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கூட்டம் இருக்கிறது. தயவுசெய்து போங்கள். உங்கள் பெயர் பட்டியலில் இல்லையென்றால் அங்கேயே எழுந்து கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு இவ்வளவு வெட்ட வேண்டும் என்று யாராவது கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறைக்கு 1064.

நகராட்சி, மாநகராட்சிக்குள் இருப்பவர்களுக்குப் பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2024 செப்டம்பரில் தொடங்கியிருக்கிறது. சொந்த மனையில் கட்டினால் மத்திய அரசின் பங்கு 1.50 லட்சம், இதற்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தை அணுக வேண்டும். கடன் வாங்கிக் கட்டுகிறவர்களுக்கு வட்டி மானியமும் இருக்கிறது. ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருந்தால் முதல் 8 லட்சத்துக்கு 4% கணக்கில், அதிகபட்சம் 1.80 லட்சம், ஐந்து வருடத் தவணையாகக் கடன் கணக்கில் வரும். கும்பகோணத்தில் இதற்குத் தகுதியிருந்தும் கேட்காமலே விட்டவர்கள் எனக்கே மூன்று பேர் தெரியும். வங்கி தானாகச் சொல்லும் என்று காத்திருந்தார்கள்.

இப்போது முக்கியமான விஷயம். மானியம் தமிழ்நாடு முழுவதும் ஒரே தொகை. ஆனால் நம் மண் ஒரே மண் இல்லை. வண்டல் களி கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் உப்பும். நாலடி தோண்டி மணல் நிரப்பாமல் சுவர் எழுப்பினால் இரண்டாவது வருடமே சன்னல் மூலையில் விரிசல் விடும். வெள்ளம் நிற்கிற ஊரில் தரைமட்டத்தை ரோட்டுக்கு மேல் உயர்த்தியே ஆக வேண்டும். தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் நிலத்தடி நீர் உப்பு, கான்கிரீட் கலக்க நல்ல தண்ணீர் வண்டியில் வர வேண்டும், இல்லையென்றால் கம்பி துருப்பிடித்துக் கூரை பெயரும். 2018 நவம்பர் 16 கஜா புயல் அடித்த ராத்திரியில் அந்தப் பக்கம் குடிசைகள் என்ன ஆயின என்பதைப் பார்த்தவர்கள், வலுவான கூரை எதற்கு என்று கேட்க மாட்டார்கள். ஆக மேலே கட்டுவதை விட அடியில் போடுவதுதான் நமக்கு அதிகச் செலவு. எங்கள் ஒன்றியத்தில் நடைமுறை என்னவென்றால், அடித்தளம் எழும்பிப் படம் எடுத்துப் பதிவேற்றிய பிறகுதான் அரசுப் பணத்தின் முதல் தவணை வரும். அடித்தளத்துக்கான பணம் முழுவதும் முதலில் நம் கையிலிருந்து போகிறது. குழுக் கடன்காரர் உள்ளே வருவது சரியாக இந்த இடைவெளியில்தான்.

அதனால் கொத்தனாரிடம் அடித்தளத்துக்கு மட்டும் தனியாக ஒரு மதிப்பீடு எழுதி வாங்குங்கள். அந்தத் தொகையில் பாதியாவது அறுவடைக் கூலியிலிருந்தோ சீட்டிலிருந்தோ கையில் சேர்ந்த பிறகு ஆரம்பியுங்கள். மீதிக்குக் கூட்டுறவு சங்கத்திலோ வங்கியிலோ நகையை வைக்கலாம், முதல் தவணை வந்ததும் மீட்டுவிடலாம். நகை போய்விடுமோ என்ற பயம் புரிகிறது. ஆனாலும் ஆறு மாத நகைக் கடன் இரண்டு வருட வாரத் தவணையை விட உங்களைக் குறைவாகவே நெருக்கும்.

வங்கிப் படியேறும்போது

மானியம் போக மீதி இரண்டு, மூன்று லட்சம், அல்லது சொந்தமாகவே கட்டுகிறவர்களுக்கு ஐந்து, பத்து லட்சம் கடன் தேவைப்படும். முதலில் தேசிய வங்கி அல்லது கூட்டுறவு, அங்கே நடக்கவில்லை என்றால் வீட்டுக் கடன் நிறுவனம். இதே வரிசையில் போங்கள். 5 லட்சம், 15 வருடம் என்று வைத்துக்கொண்டால் 9% வட்டிக்கு மாதம் ஏறத்தாழ 5,070 ரூபாய். அதே கடன் 14% என்றால் 6,660. பதினைந்து வருடத்தில் வித்தியாசம் 2.86 லட்சம், ஏறக்குறைய இன்னொரு அறை கட்டுகிற காசு.

"சின்னத் தொகைக்கு வீட்டுக் கடன் கொடுப்பதில்லை" என்று கவுண்டரிலேயே திருப்பி அனுப்புவது சாதாரணமாக நடக்கிறது. வாய்வார்த்தையில் சொன்னதை ஏற்றுக்கொண்டு திரும்பாதீர்கள். வங்கிகள் தங்கள் கடனில் 40 சதவீதத்தை முன்னுரிமைத் துறைக்கு (விவசாயம், சிறுதொழில், சிறிய வீட்டுக் கடன் போன்றவை) கொடுத்தாக வேண்டும், நம் ஊர் மாதிரி இடங்களில் 35 லட்சம் வரையிலான வீட்டுக் கடன் அந்தக் கணக்கில் வரும். நீங்கள் கேட்பது பிச்சை இல்லை.

என் சித்தப்பா மகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். திருத்துறைப்பூண்டி பக்கம் காலனித் தெரு. மூன்று லட்சம் கேட்டுப் போனாள். முகவரியைப் பார்த்ததும், "அந்தப் பக்கத்துக்கு நாங்கள் கொடுப்பதில்லைம்மா" என்றார்கள். அழுதுகொண்டு வந்தாள். மறுநாள் இரண்டு பேரும் போனோம். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்தோம், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை கேட்டோம், தயங்கித் தயங்கிப் போட்டுக் கொடுத்தார்கள். ரிசர்வ் வங்கியின் 2003 நியாய நடைமுறை விதிகளில் சாதி, மதம், பால் பார்த்துக் கடன் கொடுப்பதில் பாகுபாடு கூடாது என்று இருக்கிறது. விண்ணப்பத்துக்கு ஒப்புகை தர வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும் என்றும் இருக்கிறது. இதையே கடிதத்தில் எழுதி, மாவட்ட வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளருக்கும் ஒரு நகல் அனுப்பினோம். பதில் வந்தது. மனை உட்பிரிவு செய்யப்படவில்லை என்பது காரணமாம். தெருவைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. உட்பிரிவை ஜமாபந்தியில் முடித்து, வேறொரு கிளையில் கடன் வாங்கினாள், இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறாள். எழுத்தில் காரணம் கேட்டால் இதுதான் நடக்கும். சொல்லக் கூசுகிற காரணத்தை எழுத முடியாது, சரிசெய்யக்கூடிய ஒரு காரணத்தை அவர்கள் தேடித்தான் ஆக வேண்டும்.

சிபில், அதாவது முந்தைய கடன்களை எப்படிக் கட்டினீர்கள் என்று வங்கி பார்க்கும் பதிவு பற்றிச் சுருக்கமாக. நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். வங்கிக்குப் போகும் முன் எடுத்துப் பாருங்கள். முடித்த குழுக் கடன் இன்னும் பாக்கி என்று காட்டுவது அடிக்கடி நடக்கிறது. திருத்தச் சொல்லி எழுதி 30 நாள் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்க உரிமை உண்டு. கட்டட வரைபட அனுமதிக்கு முன்பு போல் அலைய வேண்டாம், 2500 சதுர அடி மனைக்குள் 3500 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே கிடைக்கிறது.

கையெழுத்துக்கு முன் ஒரே ஒரு காகிதம்

2024 அக்டோபர் 1 முதல் எல்லாச் சில்லறைக் கடனுக்கும், வீட்டுக் கடன் உட்பட, முக்கிய விவர அறிக்கை என்ற ஒன்றைக் கையெழுத்துக்கு முன்பே கொடுத்தாக வேண்டும். வங்கியில் கே.எஃப்.எஸ். என்று கேட்டால் தெரியும். உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும், அதாவது தமிழில் கேளுங்கள். வீட்டுக்கு எடுத்து வந்து படித்த பிள்ளை யாரிடமாவது காட்டுங்கள். அதில் ஏ.பி.ஆர். என்று ஒரு சதவீதம் இருக்கும். வட்டி, செயலாக்கக் கட்டணம், காப்பீடு, சட்ட ஆலோசனைக் கட்டணம் எல்லாம் சேர்ந்து வருடத்துக்கு உண்மையில் எவ்வளவு என்பது அந்த எண்தான். இரண்டு இடத்துக் கடனை ஒப்பிட வேறு எதையும் பார்க்க வேண்டாம், அந்த எண்ணைப் பாருங்கள். அதில் எழுதாத எந்தக் கட்டணத்தையும் பிறகு உங்கள் சம்மதம் இல்லாமல் வாங்க முடியாது.

"நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிதான்" என்று சொல்வதன் கணக்கை இங்கே போட்டுக் காட்டுகிறேன். 1 லட்சம் கடன், வருடத்துக்கு 12% நிலையான வட்டி, 2 வருடம். வட்டி 24,000, மாதம் 5,167 கட்ட வேண்டும். ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது, அவர்களோ கடைசி மாதம் வரை முழு லட்சத்துக்கும் வட்டி போடுகிறார்கள். குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 21.6% வட்டி. காப்பீடு என்று முதலிலேயே 3,000 பிடித்துக்கொண்டால் இன்னும் மேலே போகும்.

வீட்டுக் கடன் நிலை நிலையாகத்தான் கைக்கு வரும். வந்த தொகைக்கு, வந்த தேதியிலிருந்து மட்டுமே வட்டி போட வேண்டும். கடன் அனுமதித்த தேதியிலிருந்தே வட்டி போட்டிருந்தால் திருப்பிக் கேளுங்கள், ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் இதைத் தெளிவாகவே கண்டித்திருக்கிறது. மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் தனிநபருக்கு அபராதம் கிடையாது, அதனால் சம்பா பணம் வந்ததும் ஒரு பத்தாயிரமாவது அசலில் போடுங்கள். வட்டி ஏறும்போது உங்களிடம் சொல்லாமல் தவணைக் காலத்தை நீட்டிவிடுவார்கள், வருடத்துக்கு ஒரு தடவை கணக்கு அறிக்கை வாங்கி இன்னும் எத்தனை மாதம் என்று பாருங்கள்.

குழுக் கடன்

நம் பெண்கள் இதில் படும் பாட்டை நான் கண்ணால் பார்த்தவன், அதனால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். குழுக் கடன் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கே பணம் கொடுப்பது அதுதான். ஆனால் வீடு கட்ட அது சரிப்பட்டு வராது. நடவு இல்லாத மாதத்திலும், வயலில் தண்ணீர் நிற்கிற கார்த்திகையிலும் அந்தத் தவணை நிற்காது. வீடோ வருமானம் தராது.

2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு அடமானமில்லாமல் கொடுப்பதுதான் நுண்கடன். அந்தக் குடும்பம் எல்லா இடத்திலும் கட்டுகிற மாதத் தவணை மொத்தமும் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மாதம் 12,000 வருமானம் என்றால் எல்லாக் கடனுக்கும் சேர்த்து 6,000 தான் உச்சம். இதைத் தாண்டிக் கொடுக்க வேண்டும் என்பதற்காக ஃபாரத்தில் வருமானத்தை உயர்த்தி எழுதுகிற பழக்கம் இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். முன்கூட்டி அடைத்தால் அபராதம் இல்லை. கடன் அட்டை தமிழில் தர வேண்டும். மிக்ஸியோ காப்பீடோ எதையும் கட்டாயப்படுத்தி விற்கக் கூடாது.

வசூல் இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட பொது இடத்தில்தான். அந்த இடத்துக்கு நீங்கள் தொடர்ந்து இரண்டு தடவை வராமல் போனால் மட்டுமே அவர்கள் வீட்டுக்கு வரலாம். கெட்ட வார்த்தை பேசுவது, வாசலில் உட்கார்ந்துகொள்வது, பிள்ளைகள் முன்னால் மிரட்டுவது, ராத்திரி போன் போடுவது எல்லாமே விதிமீறல். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூல் முகவர் அழைக்கக் கூடாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல்காரர் என்றால் 2003 கந்து வட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, மூன்று வருடம் வரை சிறை. 2025-ல் கடன் வசூலில் வன்முறையைத் தடுக்கத் தனிச் சட்டமும் நிறைவேறியிருக்கிறது. குழுவில் ஒருத்தி கட்ட முடியாதபோது மற்றவர்களே அவள் வாசலில் போய் நிற்கும்படி செய்வார்கள். அதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். கடனை முடித்த பிறகும் ஒரே தெருவில் வாழ வேண்டியவர்கள் நீங்கள்.

தவணை தவறினால்

ஒளியாதீர்கள். ஒரு மாதம் தவறப் போகிறது என்று தெரிந்தால் முன்கூட்டியே கிளைக்குப் போய் எழுத்தில் சொல்லி, தவணையை மாற்றியமைக்கக் கேளுங்கள். அபராதம் போடலாம், ஆனால் அந்த அபராதத்துக்கு மேல் வட்டி போட முடியாது.

90 நாள் தாண்டினால் வாராக் கடன். அதன் பிறகுதான், அடமானச் சொத்தை வங்கியே கைப்பற்ற வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தில் 60 நாள் நோட்டீஸ் வரும். நோட்டீஸ் வந்தது என்றால் வீடு போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. அந்த 60 நாளுக்குள் உங்கள் ஆட்சேபனையை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், 15 நாளில் அவர்கள் பதில் சொல்ல வேண்டும். வீட்டைக் கையகப்படுத்தினால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இன்னொன்று, டெல்டாக்காரர்கள் நினைவில் வைக்க வேண்டியது: விவசாய நிலத்தை இந்தச் சட்டத்தில் எடுக்க முடியாது. வீட்டுக் கடனுக்கு வயலையும் சேர்த்து எழுதி வாங்கியிருந்தால் அந்த நோட்டீஸை அப்படியே எடுத்துக்கொண்டு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கொடுப்பார்கள், எண் 15100.

வங்கி மீதோ நுண்கடன் நிறுவனம் மீதோ புகார் என்றால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு. செலவு ஒன்றும் இல்லை, 14448-ல் தமிழிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வீட்டுக் கடன் நிறுவனம் என்றால் தேசிய வீட்டுவசதி வங்கியின் புகார் தளம். முத்திரை போட்ட விண்ணப்ப நகல், கடன் அட்டை, ரசீதுகள், போனில் வந்த குறுஞ்செய்திகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள், பரணில் வேண்டாம், மழை ஒழுகும்.

கடனை முழுவதும் அடைத்த அன்று பலர் இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், பத்திரத்தை மறந்துவிடுகிறார்கள். அடைத்த 30 நாளுக்குள் எல்லா மூலப் பத்திரங்களையும் வங்கி திருப்பித் தர வேண்டும், அவர்கள் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும், 2023 டிசம்பர் 1 முதல் இந்த விதி இருக்கிறது. கொடுக்கும்போது ஒவ்வொரு பத்திரத்தையும் பட்டியலோடு சரிபார்த்து வாங்குங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமான ரத்துப் பதிவு செய்யுங்கள். ஒரு மாதம் கழித்து வில்லங்கம் போட்டுப் பார்த்து, உங்கள் மனை மேல் இருந்த கடன் பதிவு நீங்கியிருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, அந்தச் சான்றையும் அதே பையில் வையுங்கள்.